போடியாரோடு பிஸ்னஸ் கிளாஸ்

மேசைக்கு மறுபக்கம்

மேசைக்குப் பின்னால் வந்து நின்ற என்னை அந்தப் பெண் நாற்காலியிலிருந்து அண்ணாந்து பார்த்தாள். அவளுடைய கணினித் திரை எனக்கு நன்றாகத் தெரிந்தது. என் பெயரும் போடியாரின் பெயரும் அதில் இருந்தன. எல்லாம் சரி என்று நானே தலையசைத்தேன். அதற்குப் பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்பது உறைத்தது.

விமான டிக்கெட் விற்பவனுக்குக் கவுண்டர் என்றால் அதற்கு ஒரு பக்கம்தான் உண்டு. பத்தொன்பது வருடமாக மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு மாடிக் கடையில் இருந்து லண்டனுக்கும் டொரொண்டோவுக்கும் ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கிறேன். விமானம் ஏறுமுன் காத்திருக்கிற லவுஞ்சில் என்னவெல்லாம் கிடைக்கும், சாய்கிற ஆசனம் எப்படிக் கட்டிலாகும் என்று நாளுக்கு நாலு முறை விளக்குவேன். நான் ஏறிய ஆக உயரமான வாகனம் கொழும்பு போகும் சொகுசு பஸ். நீங்களும் கவுண்டருக்குப் பின்னால் இருந்து பிழைக்கிறவர் என்றால் என் கால்களை மன்னிப்பீர்கள். அவை தெரிந்த பக்கம் போய்விட்டன.

லவுஞ்ச் வாசலில் இருந்த அந்தப் பெண் கோபிக்கவில்லை. எழுந்து நின்று, ஒவ்வொரு சொல்லாக, மிகுந்த மரியாதையுடன் சொன்னாள்: "சேர், பயணிகள் மற்றப் பக்கம்."

இரண்டாவது டிக்கெட்

மண்டூரில் தம்பிப்பிள்ளை என்று கேட்டால் வீடு காட்ட ஆள் இல்லை. போடியார் என்றால் காட்டுவார்கள். வயல் நிறைய வைத்திருப்பவரை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் வதனி சிங்கப்பூரில் ஆஸ்பத்திரித் தாதி. ஐந்து வருடங்களுக்கு முன் அங்கேயே தனக்குப் பிடித்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். போடியார் போகவில்லை. அதன் பிறகு தகப்பனும் மகளும் தொலைபேசியில் கதைப்பது வருடப் பிறப்புக்கும் தீபாவளிக்கும் மட்டும். அதுவும் மழையைப் பற்றி.

போன வருடம் மகள் எங்கள் கடையில் அவருக்கு ஒரு டிக்கெட் போட்டாள். போடியார் புதுச் சட்டை போட்டு, வாடகை வான் ஒன்றில் ஏறி, ஏழு மணித்தியாலம் பயணம் செய்து, கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி, உள்ளே போகிறவர்களை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதே வானில் திரும்பி வந்துவிட்டார். வயிற்றுக்குத்து என்றார். வரும் வழியில் அந்த வயிற்றுக்குள் ஒன்றரைக் கொத்துரொட்டி போனதாக வான் சாரதி என்னிடம் சொன்னான்.

இந்த வருடம் வதனி ஏழு மாதக் கர்ப்பிணி. தாய் இல்லாத இடத்தில் தகப்பனாவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று என்னிடம் தொலைபேசியில் சொன்னாள். அழவில்லை. நோயாளியின் விபரத்தை டொக்டருக்குச் சொல்வது போலச் சொன்னாள். இரண்டு டிக்கெட், இரண்டும் பிஸ்னஸ் கிளாஸ். ஒன்று அப்பாவுக்கு, மற்றது அவரைக் கொண்டுவந்து சேர்க்கிற ஆளுக்கு, அதாவது எனக்கு. சொந்தக்காரர் யாரையாவது அனுப்பலாமே என்று கேட்டேன். அவர்கள் அப்பாவோடு சேர்ந்து திரும்பிப் போய்விடுவார்கள் என்றாள். பிஸ்னஸ் கிளாஸ் எதற்கு என்று தொழிலுக்கு விரோதமாக இன்னொரு கேள்வியும் கேட்டேன். வசதியாக இருத்திவைத்தால் எழும்பி ஓட மனம் வராது என்பது அவளுடைய கணக்கு.

கடையில் என்னோடு வேலை செய்யும் பிரமிளா பொறாமைப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த ஸ்டேப்ளரை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "நல்லதா நாலு போட்டோ எடுத்துக்கொண்டு வாங்க அண்ணன். இனியாவது பொய் சொல்லாம விப்பம்."

கட்டில் இல்லை

பிரமிளா அப்படிச் சொன்னதில் நியாயம் இருந்தது. லவுஞ்சுக்குள் போனதும் நான் முதலில் தேடியது கட்டிலைத்தான். படுத்துறங்கக் கட்டில் உண்டு என்று நான் எத்தனையோ பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஏதோ ஒரு ஊர் லவுஞ்சின் படத்தில் பார்த்தது, உலகம் முழுவதற்கும் பொருந்தும் என்று நினைத்துவிட்டேன். இங்கே நாற்காலிகள் இருந்தன, ஆள் அமிழ்ந்து போகிற மாதிரி. கண்ணாடிக் கிண்ணத்தில் அப்பிள்கள் இருந்தன. அலங்காரத்துக்கு வைத்த பொய் அப்பிளோ என்று ஒன்றை நகத்தால் கீறினேன். உண்மையானது. கீறிய குற்றத்துக்கு அதை நானே எடுத்துக்கொண்டேன். கோப்பி மெஷினில் ஒரு பொத்தானை அழுத்தியதும் அது அரைத்து, சீறி, பால் நுரை விட்டது. பக்கத்தில் ஒருவரும் இல்லாததால் இன்னொரு தடவை அழுத்தினேன். பத்தொன்பது வருடம் சொன்ன கதைக்குள் நானே நடந்துகொண்டிருந்தேன்.

அப்போது ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவரின் நினைவு வந்தது. அவுஸ்திரேலியாவில் இருந்த மகனிடம் போய்வந்தவர். என் பேச்சை நம்பி ஏறியவர். திரும்பி வந்த மறுநாளே மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, பிறகு சொன்னார்: "தம்பி, நீங்க சொன்ன கட்டிலத் தேடி நான் சமைக்கிற குசினிக்குள்ள போயிட்டன். வேலைக்கு வந்த ஆளெண்டு நினைச்சு எனக்குத் தொப்பி தந்தாங்க."

கை நனைக்காத மனிதர்

நான் இடியப்பம், கட்லட், கேக், சீஸ் எல்லாவற்றையும் ஒரே தட்டில் ஏற்றிக்கொண்டு வந்தபோது போடியார் கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சாப்பிடச் சொன்னேன். பசிக்கவில்லை என்றார். விடியப்புறம் நீர்கொழும்பில் குடித்த தேத்தண்ணீரைத் தவிர அவர் வயிற்றில் ஒன்றும் இல்லை. எல்லாம் டிக்கெட்டுக்குள் அடங்கியது, எவ்வளவும் எடுக்கலாம் என்று என் வழக்கமான விளக்கத்தைத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். அவருடைய கேள்வி அதுவல்ல. இந்த வீட்டுக்காரர் யார்? வந்து முக்கால் மணித்தியாலம் ஆகிறது. ஒருவராவது வந்து "வாங்க, சாப்பிடுங்க" என்று சொன்னார்களா? சோறு கண்முன்னே ஆவி பறந்தாலும் கூப்பிடாத இடத்தில் கை நனைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம் அல்ல என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். வாசலில் நல்வரவு என்று மூன்று மொழியிலும் எழுதியிருப்பதைக் காட்டினேன். எழுத்து வீட்டுக்காரன் ஆகுமா என்று கேட்டார். என் தட்டைப் பார்க்க எனக்கே வெட்கமாகிவிட்டது. ஆனாலும் கட்லட் சூடாக இருந்தது.

கோப்பைகள் எடுத்துக்கொண்டு போன ஒருவர், போடியார் "மறுகா பாப்பம்" என்று சொன்னதைக் கேட்டு நின்றார். நாற்பது வயதிருக்கும். சட்டையில் நிஸாம் என்று பெயர் குத்தியிருந்தது. பிறகு என்பதற்கு மறுகா என்று சொல்கிற ஆள் உலகத்தில் எங்கள் பக்கத்தைத் தவிர வேறெங்கே இருக்கப் போகிறார். மட்டக்களப்பா என்று கேட்டார். தான் ஏறாவூர் என்றார். நான் விசயத்தைச் சொன்னேன். நிஸாம் தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, போடியாருக்கு முன்னால் வந்து நின்று, வாங்க ஐயா, கை கழுவுங்க என்றார். போடியார் உடனே எழுந்தார். இரண்டடி போனவர் நின்று, நீ சாப்பிட்டாயா மனே என்று பெற்ற மகனைக் கேட்பது போல அவரைக் கேட்டார். இல்லையென்றால் தானும் சாப்பிடப் போவதில்லை என்கிற முகம்.

நிஸாம் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "விருந்துக்கு வந்தவர் இரிக்கக்குள்ள வீட்டுக்காரன் முந்தித் திண்டா ஊர் என்ன சொல்லும் ஐயா? நீங்க இரிங்க, மறுகா நான் பாக்கிறன்."

இல்லாத இடம்

நன்றாகச் சாப்பிட்டார். வாயைத் துடைத்தார். ஒரு கல்யாண வீட்டுக்கு வந்து தலையைக் காட்டிவிட்டுப் புறப்படுகிறவர் போல, கிறுகுவமா தம்பி என்று மெதுவாகக் கேட்டார். கிறுகுவது என்றால் திரும்புவது. மிச்சக் கேக்கை அவசரமாக விழுங்கினேன். வான் அனுப்பப்பட்டுவிட்டது என்றேன். பஸ்ஸில் போகலாம் என்றார். வதனி அங்கே காத்திருப்பாள் என்றேன். கைப்பையின் வாரைத் தோளில் மாட்டினார்.

கடைசியில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். பாஸ்போட்டில் வெளியேறும் சீல் குத்தியாகிவிட்டது, சட்டப்படி நாங்கள் இப்போது இலங்கையில் இல்லை என்றேன். அப்படியென்றால் எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன். நிஸாம்? அவர் இலங்கையில் இருக்கிறார் என்றேன். போடியார் அந்த விளக்கத்தை வாய்க்காலில் நீர் பங்கிடும் வழக்கு மாதிரி இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தார். என்னுடைய வெற்றுத் தட்டையும் பார்த்தார். "அப்ப, இல்லாத இடத்தில இருந்துகொண்டா நாம இவ்வளவத்தையும் திண்ட?"

அவரைத் திரும்பாமல் தடுத்தது என் சட்டம் அல்ல. விமானத்துக்கு அழைத்ததும் நிஸாம் வாசல்வரை கூட வந்து, போய்ட்டு வாங்க ஐயா என்று கையைப் பிடித்துச் சொன்னார். முறையாக வழியனுப்பிவைத்த பிறகு அதே வாசலால் திரும்பி வருவதற்கு மண்டூரில் பெரிய மானக்கேடு என்று பெயர். போடியார் முன்னால் நடந்தார். நான் பின்னால் ஓடினேன். நிஸாம் என்னை அண்ணன் முறையில் காக்கா என்று அழைத்துக் காதோடு சொன்னார்: "உங்கட ஐயாவ விட நீங்கதான் காக்கா பயந்திரிக்கீங்க."

வெட்டு மெஷின்

விமானத்தில் ஆசனத்தைப் பார்த்ததும் அதைக் கையால் ஒரு முறை தடவிப் பார்த்தேன். எங்கள் கடையின் முன்னறையை விட அதற்கு அதிக வசதி. சூடான ஈரத்துவாய் தந்தார்கள். முகம் துடைத்து, கழுத்துத் துடைத்து, மனம் தாளாமல் கைப்பிடியையும் துடைத்தேன். பணிப்பெண் போடியாருக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு இருந்து, மிஸ்டர் தம்பிப்பிள்ளை, என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டாள். போடியார் பதறி, எழும்பு புள்ள, நிலத்தில இரிக்காத என்று அவளுக்குத் தன் ஆசனத்தைக் கொடுக்க எழுந்தார். ஊரே மறந்துபோன அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டாள் என்பதையும் அவர் கவனிக்காமல் இல்லை. பிறகு இரண்டு தடவை என்னிடம் சொன்னார்.

விமானம் மேலேறி நிமிர்ந்ததும், கட்டிலாக்கிக் காட்டுகிறேன் பாருங்கள் என்று நான் ஒரு பொத்தானை அழுத்தினேன். என் கால்கள் உயர்ந்தன. இன்னொன்றை அழுத்தினேன், முதுகு முன்னால் வந்தது. பல் பிடுங்க வந்தவன் மாதிரியும் இடுப்பில் கட்டுகிற சாரத்தை முழுவதாக மடித்த மாதிரியும் ஏககாலத்தில் இருந்தேன். பத்தொன்பது வருடமாக இதை விளக்கியவன் என்று யாரிடமும் சொல்ல முடியாத நிலை. போடியார் தன் பக்கத்துப் பொத்தான்களைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை வாசித்தார். ஒரு விரல். ஆசனம் சத்தமில்லாமல் நீண்டு தட்டையானது. பிறகு எட்டி என்னுடையதையும் சரிசெய்துவிட்டார். நான் வியந்து பார்க்கவும், நெல் வேளாண்மை வெட்டுகிற காலத்தில் வயல் வட்டைக்குள் அவரே இறங்கி ஓட்டுகிற இயந்திரத்தை நினைவூட்டினார். "வெட்டு மெஷினில இதவிடக் கூடப் பட்டன் இரிக்கி தம்பி. அதில பிழையா அமத்தினா கால் மட்டும் உயராது."

வீட்டுக்காரி

இரண்டு பேரும் படுத்துக்கொண்டோம். இடையில் ஒரு தாழ்ந்த தடுப்பு. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு தொடங்கினார். போன வருடம் வயிற்றுக்குத்து இல்லை என்றார். கொத்துரொட்டிக் கதை எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். வீடு மகளுக்குத்தான். தகப்பன் கட்டுவார், மகளின் பெயருக்கு எழுதுவார். மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெற்றவர்கள் அதே வளவில் ஒரு ஓரமாக ஒதுங்கிக்கொள்வார்கள். வதனி பள்ளிக்கூடம் போகிற நாளிலேயே போடியார் வீட்டைக் கட்டி அவள் பெயரில் எழுதிவிட்டார். கல்யாணச் செய்தியை அவள் தொலைபேசியில் சொன்ன அன்று, வந்த கோபத்தில், இந்த வீட்டுப் படியை இனி மிதிக்காதே என்று சொல்லிவிட்டார். போனை வைத்த பிறகுதான் வீடு யாருடையது என்பது நினைவுக்கு வந்தது. அன்று மத்தியானமே தன் பாயை எடுத்துக்கொண்டு, சமைக்கிற தாழ்வாரமான குசினிப் பத்திக்குப் போனவர்தான். ஐந்து வருடமாக அங்கேதான் படுக்கை. காலையில் பெரிய வீட்டைத் திறந்து கூட்டிவிட்டுப் பூட்டிவிடுவார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு தடுப்புக்கு மேலால் என் பக்கம் திரும்பினார். "வீட்டுக்காரியப் பாத்து வீட்டுக்குள்ள வராத எண்டு சொன்னவன் நான். இப்ப அவள் தன்ட வாசல்ல நிண்டு என்ன வா எண்டு சொல்லாட்டி, நான் எங்க மனே போய் நிக்கிற?"

வாழ்க்கையிலிருந்து சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. தொழிலிலிருந்து ஒன்று இருந்தது. இது நாள் மாற்றக்கூடிய டிக்கெட், தண்டம் இல்லை, வேண்டுமென்றால் அடுத்த விமானத்திலேயே திரும்பலாம் என்றேன். போடியார் போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டார். ஆறுதலடைந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் டிக்கெட்டை மதிக்கத் தொடங்கினார். "அப்ப இதுக்குத்தானா இது விலை கூட?"

முன்னால் போங்கள்

சிங்கப்பூரில் எங்களைத்தான் முதலில் இறக்கினார்கள். மற்றவர்களைத் திரைக்குப் பின்னால் மறித்துவைத்து, பணிப்பெண் சிரித்தபடி வழிவிட்டாள். கடைசியாக இறங்கலாமா என்று போடியார் கேட்டது அவளுக்கு விளங்கவில்லை. பாஸ்போட் வரிசையும் கண்மூடி விழிப்பதற்குள் முடிந்தது. பெட்டி வர நேரமாகும், அதற்குள் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று ஒரு கதிரை பார்த்து உட்கார்ந்தார். பெட்டிகளில் முன்னுரிமை அட்டை கட்டியிருந்ததால் அவையும் எங்களுக்கு முன்னமே வந்து சுற்றிக்கொண்டிருந்தன. பிஸ்னஸ் கிளாஸில் ஒரு மனிதனுக்கு எல்லாவற்றையும் நேரத்துக்கு முன்னால் கொடுத்துவிடுகிறார்கள், அவன் ஆயத்தமாவதற்கான நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

அவருடைய நீலப் பெட்டி எங்களுக்கு முன்னால் வந்தது. நான் கையை நீட்டினேன். போடியார் என் முழங்கையைப் பிடித்தார். பெட்டி எங்களைக் கடந்து, வளைவில் திரும்பி, கறுப்புத் திரைக்குள் போனது. அது மறுபடி வெளியே வந்தபோதும் அவர் பிடியை விடவில்லை. "இன்னும் ஒருக்காச் சுத்தட்டும் தம்பி."

கண்ணாடிக் கதவு

மூன்றாவது சுற்றில் எடுத்துக்கொண்டோம். கண்ணாடிக் கதவு விலகியதும் வதனியும் அவளுடைய புருசனும் கம்பித் தடுப்புக்கு அப்பால் நின்றார்கள். புருசன் மூக்குக்கண்ணாடி போட்ட, ஒல்லியான, அதிகம் பேசுகிற ஆள். வாங்க மாமா, வாங்க மாமா என்று பெட்டியைப் பறித்துக்கொண்டான். அந்த வார்த்தை வேறு வாயிலிருந்து வந்ததால் போடியார் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். வதனி தகப்பனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். வார்ட்டுக்குப் புதிதாக வந்தவரைப் பார்க்கிற பார்வை. எனக்கு அடுத்த விமானத்தின் நேரம் மனதுக்குள் ஓடியது.

"வெயில் விழாத பக்கத்து அறைய ஒதுக்கி வெச்சிரிக்கன்" என்றாள். "கட்டில் கொஞ்சம் உயரம். பாத்து இறங்க வேணும்."

போடியார் ஓம் என்றார்.

வெளியே கார்கள் வரிசையாக வந்து நின்று போயின. மருமகன் போனைப் பார்த்துக்கொண்டு தாங்கள் வாடகைக்குப் பிடித்த காரின் இலக்கத்தைத் தேடினான். நான் பிரமிளாவுக்கு ஒரு வரி எழுதிக்கொண்டிருந்தேன். வதனியின் ஒரு செருப்பு வார் கழன்று நிலத்தில் இழுபட்டது. குனிய முடியாமல் மற்றக் காலால் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். போடியார் கைப்பையை நிலத்தில் வைத்துவிட்டு, அவள் முன்னால் குந்தி, வாரை இழுத்துக் கொளுவியில் மாட்டினார். விழாமல் இருக்க அவள் ஒரு கையை அவர் தலையில் ஊன்றிக்கொண்டு, மற்றக் கையால் தூரத்தில் வந்த ஒரு வெள்ளைக் காரைக் காட்டினாள்.